சங்கச் சந்தாவிலிருந்து சம்பள உயர்வு வரை

வாசகர் கேள்வி – பதில்

எட்டாவது ஊதியக் குழு அமைந்ததிலிருந்து, டெல்லியில் மத்திய அரசுப் பணியில் இருக்கும் நம் வாசகர்களிடமிருந்து சம்பளம் பற்றிய கடிதங்கள் குவிகின்றன. ஊழியர் சங்கங்கள் எப்படிப் பேசுகின்றன, எங்கே பேசுகின்றன என்று கேட்ட கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஃபிட்மென்ட் ஃபேக்டர் இரண்டரை, மூன்று என்று தினம் ஒரு கணக்கு வருகிறது. சங்கத்தில் கேட்டால் ‘மெமோரண்டம் கொடுக்கிறோம்’ என்கிறார்கள். அதில் என்னதான் எழுதுவார்கள்? யாராவது படிக்கிறார்களா?
– வாசகர், ஆர்.கே. புரம்

பழைய அடிப்படைச் சம்பளத்தை எத்தனையால் பெருக்கினால் புதியது வருகிறதோ அதுதான் ஃபிட்மென்ட் ஃபேக்டர். அதை முதலில் யாரும் முடிவு செய்வதில்லை. முதலில் முடிவாவது குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம். அதைப் பழைய குறைந்தபட்சத்தால் வகுத்தால் வருவதே ஃபேக்டர். ஏழாவது குழுவில் 18,000ஐ 7,000ஆல் வகுத்தார்கள், 2.57 வந்தது. இதில் 2.25 ஏற்கெனவே கையில் வாங்கிக்கொண்டிருந்த பணம். அடிப்படைக்கு 1, அன்றிருந்த 125 சதவீத அகவிலைப்படிக்கு (டிஏ) 1.25. 7,000 அடிப்படை வாங்கியவர் டிஏவோடு 15,750 பார்த்துக்கொண்டிருந்தார். அது 18,000 ஆனபோது உண்மையில் கூடியது 2,250 ரூபாய், 14.29 சதவீதம். ஆகவே எந்த ஃபேக்டரைக் கேள்விப்பட்டாலும் அதிலிருந்து டிஏ பங்கைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 2025 ஜூலைக் கணக்கில் டிஏ 58 சதவீதம். அந்த அளவில் 1.58 மடங்கு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு மேல் வருவதுதான் உயர்வு.

சங்கங்கள் குழுவுக்குக் கொடுக்கும் கோரிக்கை மனுவான மெமோரண்டத்தின் உயிர், அந்தக் குறைந்தபட்சச் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. அளவுகோல் 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்தது. கணவனுக்கு 1, மனைவிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6, ஆக மொத்தம் 3 அலகு. ஊட்டச்சத்து நிபுணர் டாக்டர் ஆக்ராய்டின் உணவுப் பட்டியலை வைத்து இந்த 3 அலகுக்கு ஏழாவது குழு போட்ட மாதக் கணக்கில் அரிசி அல்லது கோதுமை 42.75 கிலோ, பருப்பு 7.2 கிலோ, எண்ணெய் 3.6 கிலோ, பால் 18 லிட்டர், முட்டை 90. துணி வருஷத்துக்கு 72 கஜம், அதாவது மாதம் ஐந்தரை மீட்டர். பாலை மட்டும் எடுத்துப் பாருங்கள்: நாளைக்கு 600 மில்லி. காலைக் காபி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டம்ளர், தயிருக்கு உறை ஊற்றக் கொஞ்சம் என்று வைத்தால், நாலு பேர் இருக்கும் நம் வீட்டில் இந்த 600 மில்லி சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். சங்கம் வாதாட வேண்டிய இடம் இதுதான்.

சென்ற முறை ஊழியர் தரப்பு 26,000 கேட்டது, குழு 18,000 கொடுத்தது. இடைவெளிக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. முதலாவது விலை. குழு எடுத்துக்கொண்டது லேபர் பீரோவின் 12 மாதச் சராசரி விலை. கடைத்தெருவில் நாம் கொடுக்கும் விலை அதைவிட அதிகம். இரண்டாவது, கல்வி, மருத்துவம், பண்டிகை, கல்யாணம் காட்சிக்காகச் சுப்ரீம் கோர்ட் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் சேர்க்கச் சொன்ன 25 சதவீதம். கல்விப்படியும் மருத்துவ வசதியும் தனியாகக் கிடைக்கின்றன என்று சொல்லி அதைக் குழு 15 ஆக்கியது. மூன்றாவது, அந்த 3 அலகே. ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் ஊழியரின் செலவு இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. பெற்றோரைப் பராமரிப்பதை 2007ஆம் ஆண்டுச் சட்டமே பிள்ளைகளின் கடமை ஆக்கியிருக்கும்போது, அவர்களையும் அலகில் சேர்க்கச் சொல்வது நியாயமான கோரிக்கை என்பதே எங்கள் கருத்து.

இந்தப் பொது அத்தியாயத்தை எழுதுவது அரசும் சங்கங்களும் பேசும் கூட்டு ஆலோசனை அமைப்பான ஜே.சி.எம்.மின் தேசியக் கவுன்சிலில் உள்ள ஊழியர் தரப்பு. உங்கள் சங்கம் அதையே நகலெடுத்து ‘விலைவாசி ஏறிவிட்டது’ என்று இருபது பக்கம் எழுதினால் பயனில்லை. உங்கள் கேடரை, அதாவது உங்கள் பதவிப் பிரிவைப் பற்றி நீங்கள் மட்டுமே எழுத முடிந்ததை எழுத வேண்டும். மஞ்சூரான பணியிடம் எத்தனை, நிரம்பியவை எத்தனை, ஆள்சேர்ப்பு விதியில் உள்ள கல்வித் தகுதி, எந்தப் பரீட்சை, சேர்ந்தவர் முதல் பதவி உயர்வுக்குச் சராசரியாக எத்தனை வருஷம் காத்திருக்கிறார், இதே பரீட்சை எழுதி இதே தகுதியோடு வேறு துறையில் சேர்ந்தவர் எந்தச் சம்பள லெவலில் இருக்கிறார், ஐந்தாவது குழுவில் இருவரும் எங்கே இருந்தார்கள், ஆறாவதில் எங்கே பிரிந்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஆர்டர் நகல் ஒட்டியிருக்க வேண்டும். 2009 நவம்பரில் செக்ரடேரியட் அசிஸ்டென்ட்களின் கிரேடு பே (பதவி நிலைக்கேற்ற சம்பளப் பகுதி) 4,200இலிருந்து 4,600 ஆனது இந்த வழியில்தான். இன்ஸ்பெக்டர் பதவிகளோடு முன்பு இருந்த சமநிலையைக் காகிதத்தில் காட்டினார்கள். வேலைப்பளு அதிகம் என்று எல்லா கேடரும் எழுதுவதால் அந்த வாதம் எடுபடுவதில்லை. சமநிலை எந்த வருஷம், எந்த ஆர்டரால் உடைந்தது என்று காட்டினால், மறுக்க நினைப்பவர் காரணம் எழுதியாக வேண்டும். அந்தக் காரணம் பின்னால், சம்பள முரண்பாடுகளை ஆராயும் முரண்பாட்டுக் குழுவில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஊதியக் குழுவின் வரம்பு விதிகளைப் பற்றிச் சங்கங்கள் இவ்வளவு கவலைப்படுவது ஏன்?
– வாசகர், துவாரகா

குழு எதைப் பற்றிப் பேசலாம் என்பதை அந்த விதிகள்தான் தீர்மானிக்கின்றன. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 2025 நவம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்ட எட்டாவது குழுவுக்கு 18 மாத அவகாசம். அதன் வரம்பு விதிகளில், பங்களிப்பில்லாத, அதாவது ஊழியர் பணம் கட்டாத, ஓய்வூதியத் திட்டங்களின் ‘நிதி ஒதுக்கப்படாத செலவை’க் கணக்கில் கொள்ளச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. 2004க்கு முன் சேர்ந்தவர்களின் ஓய்வூதியம் ஒரு சுமையாகப் பார்க்கப்படுமோ என்று அஞ்சித்தான் ஊழியர் தரப்பு அந்த வரியை நீக்கச் சொல்கிறது. அறிக்கை வந்த பிறகு போடும் கோஷத்தைவிட இந்தக் கட்டத்தில் போடும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

எங்கள் துறையில் இரண்டு சங்கங்கள். இரண்டு பேரும் சம்பளத்தில் சந்தா பிடிக்கச் சம்மதிக்கும் செக்-ஆஃப் படிவத்தை நீட்டுகிறார்கள். யாருக்குக் கையெழுத்துப் போட்டால் என்ன வித்தியாசம்?
– வாசகி, ஜனக்புரி

வித்தியாசம் மிகப் பெரியது. சங்கம் பேச்சுவார்த்தை மேஜையில் உட்காருமா, வாசலில் நிற்குமா என்பதை அந்தக் கையெழுத்துதான் தீர்மானிக்கிறது. 1993ஆம் ஆண்டு சங்க அங்கீகார விதிப்படி, ஒரு பிரிவு ஊழியர்களில் குறைந்தது 35 சதவீதம் பேர் உறுப்பினராக இருக்கும் சங்கத்துக்குத்தான் அங்கீகாரம். ஒரே ஒரு சங்கம் 35ஐத் தாண்டியிருந்தால், அடுத்து அதிக உறுப்பினர் உள்ள சங்கம் 15 சதவீதமாவது வைத்திருந்தால் அதற்கும் கொடுக்கலாம். உங்கள் பிரிவில் 1,200 பேர் என்றால் முதல் சங்கத்துக்கு 420 கையெழுத்து, இரண்டாவதற்கு 180. சங்கம் வைத்திருக்கும் ரசீதுப் புத்தகத்தை யாரும் எண்ணமாட்டார்கள். சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரியான டிடிஓவிடம் நீங்கள் கொடுக்கும் அதிகாரக் கடிதத்தின்படி சம்பளத்தில் பிடித்த சந்தாவைத்தான் எண்ணுவார்கள். ஒருவர் ஒரு சங்கத்துக்கு மட்டுமே கொடுக்க முடியும். அங்கீகாரம் ஐந்து வருஷத்துக்கு.

தவறு நடக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றலாகிப் போனவரின் கடிதம் புதிய டிடிஓவுக்குப் போய்ச் சேராமல் பிடித்தம் நின்றுவிடும். அவர் தன்னை உறுப்பினர் என்றே நினைத்துக்கொண்டிருப்பார், எண்ணிக்கையில் இருக்கமாட்டார். சம்பளச் சீட்டில் சந்தா வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அங்கீகாரம் கிடைத்த பிறகும் சங்கத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகள் பட்டியல், தணிக்கையான கணக்கு ஆகியவை ஒவ்வொரு வருஷமும் ஜூலை 1க்குள் உரிய வழியாக அரசுக்குப் போய்ச் சேர வேண்டும். அரசியல் நிதி வைக்கக் கூடாது. 2023 ஏப்ரலில் தபால் துறையில் ஒரு பெரிய சங்கமும் அதன் சம்மேளனமும் அங்கீகாரத்தை இழந்தன. சங்கப் பணம் செலவான விதம் இந்த விதிகளுக்குப் புறம்பானது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. உங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பது பகை வளர்ப்பதாகாது, சங்கத்தைக் காப்பாற்றும் வேலை.

2016இல் வேலைநிறுத்தம் என்றார்கள், பிறகு வாபஸ் என்றார்கள். வீட்டு வாடகைப்படி (எச்.ஆர்.ஏ.) விஷயத்தில் நாம் ஜெயித்தோமா, தோற்றோமா?
– வாசகர், கரோல் பாக்

இரண்டும்தான். கணக்கைப் பார்த்தால் புரியும்.

அதுவரை டெல்லி போன்ற எக்ஸ் வகைப் பெருநகரங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். ஏழாவது குழு அதை 24 ஆக்கி, டிஏ 50ஐத் தொட்டால் 27, 100ஐத் தொட்டால் 30 என்று வைத்தது. 2016 ஜூன் 29 அன்று அமைச்சரவை சம்பளத்தை மட்டும் ஏற்றது. படிகளை நிதிச் செயலாளர் அசோக் லவாசா தலைமையிலான குழுவுக்கு அனுப்பியது. சங்கங்கள் ஜூலை 11 முதல் வேலைநிறுத்தம் என்று அறிவித்திருந்தன. குறைந்தபட்சச் சம்பளத்தையும் ஃபேக்டரையும் ஒரு குழு மறுபடி பார்க்கும் என்று அமைச்சர்கள் சொன்னதன் பேரில் அது தள்ளிவைக்கப்பட்டது. குறைந்தபட்சம் 18,000க்கு மேல் போகவே இல்லை. வேலைநிறுத்த நோட்டீஸைக் கையில் வைத்திருக்கும்போது, எந்தக் குழு, எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்காததன் விலை அது. இதைச் சங்கத் தலைவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இப்போதைய குழுவின் அறிக்கை வரும்போது அதே இடத்தில் மறுபடி நிற்கப்போகிறோம் என்பதால் எழுதுகிறோம்.

படிகளில் கிடைத்தது என்ன? விகிதம் 24ஆகவே நின்றது. ஆனால் அது உயர்வதற்கான டிஏ கட்டங்கள் 50, 100க்குப் பதில் 25, 50 ஆயின. அதனால்தான் 2021 ஜூலையில் டிஏ 28 ஆனதும் 27 சதவீதமும், 2024 ஜனவரியில் டிஏ 50 ஆனதும் 30 சதவீதமும் வந்தன. பழைய படிக்கட்டில் நின்றிருந்தால் இன்றும் 27இல்தான் இருப்போம். அடிமட்டத் தொகையாக 5,400 ரூபாய் வந்தது. 18,000க்கு 24 சதவீதம் 4,320தான். 5,400 என்பது சரியாக அதன் 30 சதவீதம். கடைநிலை ஊழியருக்குப் பழைய விகிதம் குறையாமல் காப்பாற்றப்பட்டது என்று அர்த்தம்.

போனது எவ்வளவு? புதிய எச்.ஆர்.ஏ. 2017 ஜூலை 1 முதல்தான் வந்தது, 2016 ஜனவரியிலிருந்து வரவில்லை. லெவல் 6இல் ஆரம்பச் சம்பளம் வாங்கியவர் பழைய 13,500 மேல் 30 சதவீதமாக 4,050 வாங்கினார். புதிய 35,400 மேல் 24 சதவீதம் 8,496. மாதம் 4,446 வீதம் 18 மாதத்துக்கு, இன்க்ரிமென்ட்டைச் சேர்க்காமலே, 80,028 ரூபாய். அறிக்கை எப்போது வந்தாலும் சம்பளத்துக்கு நிலுவை கிடைக்கும், படிகளுக்குக் கிடைக்காமல் போகலாம். ‘படிகளும் அதே தேதியிலிருந்து’ என்ற வரி எட்டாவது குழுவுக்கான ஒவ்வொரு சங்க மனுவிலும் இருக்க வேண்டும்.

ஜே.சி.எம். கூட்டத்தில் அரசு ‘முடியாது’ என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதானா?
– வாசகர், லோதி காலனி

இல்லை. 1960 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, தகராறைத் தெருவுக்கு வராமல் மேஜையில் தீர்ப்பதற்கென்றே 1966இல் இந்த அமைப்பு வந்தது. தேசியக் கவுன்சிலில் கேபினட் செயலாளர் தலைமை. எதிரில் ஊழியர் தரப்பில் 60 பேர் வரை. கீழே துறைக் கவுன்சில், அலுவலகக் கவுன்சில். உடன்பாடு வராவிட்டால் சம்பளமும் படிகளும், வார வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்று விஷயங்களைக் கட்டாய நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஒரு பிரிவுக்கோ கிரேடுக்கோ பொதுவானதாக இருக்க வேண்டும், தனிநபர் பிரச்சினை கூடாது. தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஆனால் பாராளுமன்றத்தின் அதிகாரம் அதற்கும் மேலே.

உண்மையான சிக்கல் அதற்கு முன்பே இருக்கிறது. நாலு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தும், 2010இல் கூடிய தேசியக் கவுன்சிலின் அடுத்த சாதாரணக் கூட்டம் 2019இல்தான் நடந்தது. கூடினாலும் நிகழ்ச்சிக் குறிப்பு முக்கியம். ‘பரிசீலிக்கப்படும்’ என்று முடிந்த ஒரு பொருளை அடுத்த கூட்டத்தில் யாரும் தேடமாட்டார்கள். எந்த அமைச்சகம், எந்தத் தேதிக்குள் என்று குறிப்பில் ஏற்றச் சொல்லி அங்கேயே வற்புறுத்த வேண்டும். வரைவு வந்ததும் திருத்தம் எழுதி அனுப்ப வேண்டும். அலுவலகக் கவுன்சிலில் கேன்டீன், குவார்ட்டர்ஸ், கிரெஷ் என்று சின்ன விஷயம் பேசும் கிளைச் செயலாளருக்கும் இதே விதிதான்.

என் மகள் போன வருஷம்தான் எம்.டி.எஸ். (பல்பணி ஊழியர்) ஆகச் சேர்ந்தாள். சங்கத்தார் ஸ்ட்ரைக் என்று கூப்பிட்டால் போகலாமா? பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், மயூர் விஹார் ஃபேஸ் 3

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. உள்ளதை உள்ளபடி சொல்கிறோம். நடத்தை விதி 7 அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் 2003 வேலைநிறுத்தத்தை ஒட்டி வந்த ரங்கராஜன் வழக்கில், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. போனால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை வரலாம். அடிப்படை விதி (எஃப்.ஆர்.) 17-ஏ படி பணித் தொடர்ச்சி முறிந்ததாகவும் ஆக்கலாம். உங்கள் மகள் இன்னும் புரொபேஷனில் இருப்பாள் என்பதால் இதை அவள் சங்கத்தாரிடமே நேராகச் சொல்லலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

ஆனால் ஸ்ட்ரைக்கும் ஆர்ப்பாட்டமும் ஒன்றில்லை. அமைதியான ஆர்ப்பாட்டத்தை முழுவதுமாகத் தடுக்க முடியாது என்று 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கிலேயே தீர்ப்பாகியிருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் வாசலில் கூடுவது, கோரிக்கை பேட்ஜ் அணிவது, விடுமுறை எடுத்துக்கொண்டு ராம்லீலா மைதானப் பேரணிக்குப் போவது எல்லாம் அந்த வகை. போவதற்கு முன் லீவு மஞ்சூராகியிருக்கட்டும். பழைய ஓய்வூதியம் கேட்டு 2023இல் அந்த மைதானம் நிறைந்ததற்கும், 2024 ஆகஸ்டில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமான யு.பி.எஸ். அறிவிப்பு வந்ததற்கும் தொடர்பே இல்லை என்று நாங்கள் நினைக்கவில்லை. கேட்டது முழுவதும் வரவில்லை. ஆனால் 25 வருஷப் பணிக்கு, கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி என்ற உத்தரவாதம், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸில் அதற்கு முன் இருந்ததில்லை.

தெரிந்த எம்.பி. ஒருவரிடம் என் பதவி உயர்வுக்குக் கடிதம் வாங்கித் தரலாமா?
– வாசகர், மோதி பாக்

வேண்டாம். நடத்தை விதி 20 அதை வெளி நிர்ப்பந்தம் என்று பார்க்கிறது. கடிதம் உங்கள் கோப்பிலேயே உங்களுக்கு எதிராக உட்கார்ந்துவிடும். கொள்கை பற்றி எம்.பி. பாராளுமன்றத்தில் கேள்வி கேட்பது வேறு. அதற்கு வரும் எழுத்துப்பூர்வ பதில் சங்கங்களுக்குப் பயன்படும்.

நான் தனியார் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. மத்திய ஊதியக் குழு எங்களுக்கு உண்டா?
– வாசகி, லட்சுமிபாய் நகர்

நேரடியாக இல்லை. ஆனால் 1973ஆம் ஆண்டு டெல்லிப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் 10ஆவது பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஊழியரின் சம்பளமும் படிகளும் அரசுப் பள்ளியில் அதே நிலையில் உள்ளவருக்குக் குறையக் கூடாது. உங்கள் மனு நிர்வாகத்துக்கும் கல்வி இயக்ககத்துக்கும் போக வேண்டும்.

என் கணவர் 2019 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றார். ஒரு நாளில் ஜூலை 1 இன்க்ரிமென்ட் போயிற்று. ‘தனிநபர் விஷயத்தில் தலையிட முடியாது’ என்கிறது சங்கம். இது சரியா?
– வாசகி, சரோஜினி நகர்

விதிப்படி சரி. அங்கீகாரம் பெற்ற சங்கம் ஒருவருடைய பணி விஷயத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. ஆனால் ஜூன் 30இல் ஓய்வு பெறும் எல்லோருடைய விஷயமாக அதைக் கேட்கலாம். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்திலும், பாதிக்கப்பட்ட ஒருவராவது சேர்ந்திருந்தால் சங்கம் மனுதாரராகலாம்.

உங்கள் கணவரின் பிரச்சினைக்குக் கதவைத் திறந்தது ஒரு தமிழ்நாட்டு வழக்குதான். பி. அய்யம்பெருமாள் வழக்கில் 2017 செப்டம்பர் 15 அன்று சென்னை உயர் நீதிமன்றம், வருஷம் முழுக்க உழைத்ததற்கான இன்க்ரிமென்ட்டை மறுநாள் பணியில் இல்லை என்பதற்காக மறுக்க முடியாது என்றது. அரசு அதை அவர் ஒருவருக்கு மட்டும் கொடுத்து நிறுத்திக்கொண்டது. அதன்பின் நாடெங்கும் வழக்குகள், சங்கங்களின் மனுக்கள். 2023 ஏப்ரல் 11 அன்று வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. 2025 மே 20 தேதியிட்ட பணியாளர் துறை ஆணை அதை எல்லோருக்கும் ஆக்கியிருக்கிறது.

கணக்கு ஓய்வூதியத்துக்கு மட்டும். கிராஜுவிட்டியும் லீவு பணமும் மாறாது. லெவல் 7இல் கடைசியாக 62,200 வாங்கியிருந்தால் அடுத்த கட்டம் 64,100. வித்தியாசம் 1,900, ஓய்வூதியத்தில் பாதி 950, அதன் மேல் ஓய்வூதியருக்கான அகவிலை நிவாரணம் (டிஆர்). தனியாக வழக்குப் போடாதவருக்கு இந்த உயர்வு 2023 மே 1 முதல் கணக்காகும். கணவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத் தலைவருக்கு, ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வின் நகல், கடைசிச் சம்பளச் சான்று, முந்தைய இன்க்ரிமென்ட் தேதி காட்டும் சர்வீஸ் புக் பக்கம் ஆகிய மூன்றையும் இணைத்து, ஆணையின் தேதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் பதில் வராவிட்டால் அடுத்த ஒரு வருஷத்துக்குள் கோப்பர்நிகஸ் மார்க்கில் உள்ள தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்த ரசீது இருந்தால்தான் காலவரையறையை நிரூபிக்க முடியும்.